பெற்றோலும் பெத்ரோலும்

மகளின்ரை பள்ளிக்கூடத்திலை ஏதோ கொண்டாட்டம். ஆளுக்கொரு கேக் கொண்டுவரச் சொல்லி மெத்ரெஸ், அதுதான் ரீச்சர், சொல்லிவிட்டிருந்தா. முட்டையும் சீனியும் கை உளைய அடிச்சு முடிச்சு, காஸ் அடுப்புக்குக் கீழை இருக்கிற போறணையைத் திறந்தால், உள்ளுக்கை என்ரை தட்டிலை ஒரு செப்புக் கம்பிச் சுருள் கிடந்து காயுது. பழைய எண்ணெயும் அரக்கும் சேர்ந்த ஒரு மணம் முகத்திலை அடிச்சுது. மிசினுக்கு நெருப்புப் பொறி குடுக்கிற சுருளாம், ஈரம் பிடிச்சிட்டுதாம், மெல்லிய சூட்டிலை வைச்சால் திரும்ப உயிர் வருமாம். இதைச் சொன்னது என்ரை மனுசன். சொல்லேக்கையும் கதிரையிலை இருக்கேல்லை, யன்னலுக்கும் கதவுக்குமாய் நடந்துகொண்டுதான் சொன்னவர். கேக்கை நான் இட்டலிச் சட்டியிலை அவிச்சுத்தான் எடுத்தனான். வட்டிலப்பம் மாதிரி வந்துது. நல்லாயிருக்கெண்டு மெத்ரெஸ் சொன்னவவாம். அவவுக்கென்ன தெரியும்.

இது எண்பதுகளின்ரை நடுப்பகுதி. நாங்கள் பரிசிலை, லாச்சப்பல் பக்கம், ரெயில் பாதையைப் பாத்த ஒரு கட்டடத்தின்ரை ஐஞ்சாம் மாடியிலை, ஒரு அறையும் ஒரு குசினியுமாய் இருந்தம். ரெயில் போனால் கோப்பையெல்லாம் கிலுகிலுக்கும். நான் வீட்டிலை இருந்து தையல். பரிசை ஒட்டின ஒபர்வில்லியேயிலை ஒரு மொத்தக் கடைக்குப் பாவாடை விளிம்பு அடிச்சுக் குடுக்கிறது. இவர் ரூ லூயி-பிளாங் எண்ட தெருவிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை பிளோஞ், அதாவது கோப்பை கழுவுற வேலை. வேலை முடிஞ்சு வந்தாலும் ஆள் ஒரு இடத்திலை நிக்காது. நாய்க்கு ஒரு வேலையுமில்லை, நிக்க நேரமுமில்லை எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறது இவரைப் பாத்துத்தானோ தெரியாது. தேத்தண்ணி குடிக்கேக்கை ஒரு கால் ஆடும். நித்திரையிலையும் ஆடும். நான் என்ரை காலைத் தூக்கி அதுக்கு மேலை போட்டு அமத்திப்போட்டுத்தான் படுப்பன்.

அந்த நேரம் எங்கட ஆக்கள் எல்லாருமே அப்பிடித்தான் எண்டும் சொல்லவேணும். பக்கத்திலை ரூ காய் எண்ட தெருவுக்கு மரக்கறி வாங்கப் போனால் மரக்கறியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கமாட்டினம். ஆர் கனடா போயிட்டான், ஆர் லண்டன் போயிட்டான், ஆர் பிடிபட்டுத் திரும்பி வந்தான், இதுதான் கதை. எல்லாருக்கும் பரிஸ் ஒரு பஸ் நிலையம். இவற்ரை தமையன் ரொறொன்ரோவிலை இருந்து வா வா எண்டு கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் இவர் வந்து, மூண்டு பேருக்கும் போட்டோ எடுக்கவேணும் எண்டார். கனடாவுக்கு ஆக்களை அனுப்புற ஒராளிட்டைக் குடுக்கிறதுக்காம். எடுத்தும் வைச்சம்.

கொழும்பு, பிறகு மொஸ்கோ, பிறகு கிழக்கு பேர்லின், பிறகு இஞ்சை. ஒவ்வொரு இடத்திலையும் ஒரு சட்டி வாங்கி, வாங்கின சட்டியை விட்டிட்டு வந்தவள் நான். மகள் இப்பத்தான் பள்ளிக்கூடத்திலை வாய் திறந்து பிரெஞ்சிலை பாடத் தொடங்கியிருக்கிறாள். அதுவரைக்கும் மேசைக்குக் கீழை இருந்த பிள்ளை. இனி இன்னொரு நாடு, இன்னொரு பாஷை, இன்னொரு சட்டி எண்டால் என்னாலை ஏலாது. அதை அப்பிடியே சொன்னனான், ஏலாது எண்டு. இவர் கேட்ட மாதிரித் தெரியேல்லை.

அந்தக் கனடாவைக் கொஞ்சக் காலம் மறக்கப் பண்ணினது ஒரு கறள் பிடிச்ச இரும்பு.

நான் தைக்கிறதுக்கு உயரமான மேசை ஒண்டு வேணுமெண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரைப் பரிசுக்கு வடக்கை இருக்கிற பழஞ்சாமான் சந்தைக்கு அனுப்பினன். மத்தியானம் போனவர் பின்னேரமாகியும் வரேல்லை. வரேக்கை கையெல்லாம் கறள், சேட்டெல்லாம் எண்ணெய். மேசை எங்கை எண்டு கேட்டன். லாண்ட்மாஸ்டர் ஒண்டு வாங்கினனான் எண்டார்.

ஊரிலை ரண்டு சில்லு உழவு மிசினுக்கு லாண்ட்மாஸ்டர் எண்டுதான் பேர். பின்னாலை நடந்துகொண்டு, மாட்டுக் கொம்பு மாதிரி ரண்டு கைபிடியையும் பிடிச்சு ஓட்டுறது. பிரெஞ்சுக்காரர் அதை மோட்டோகுல்த்தர் எண்டு சொல்லுவினம். வீட்டுத் தோட்டங்களுக்கெண்டு சின்னதாய், வடிவாய், ஒரு காலத்திலை செய்து வைச்சிருந்தவையாம். என்ரை ஐயா வெங்காயம் செய்தவர், அதாலை எனக்கு மிசின் சத்தம் பழக்கம். இவர் அப்பிடியில்லை. ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். சைக்கிளுக்குக் காத்தடிக்கவும் ஆள் தேடுறவர். அப்பிடிப்பட்ட மனுசன் இறுகிப்போன ஒரு மிசினை, பஸ்காரன் ஏத்தமாட்டன் எண்டு கலைச்சுவிட, தெருத்தெருவாய்த் தள்ளிக்கொண்டு ஒபர்வில்லியே வரைக்கும் போயிருக்கிறார். நான் பாவாடை குடுக்கிற கடைக்குப் பின்னாலை ஒரு வளவு இருந்தது. முதலாளி நல்ல மனுசன், மூலையிலை விட்டிட்டுப் போ எண்டாராம். மேசை கேட்டவளுக்குக் கலப்பை கொண்டுவந்த மனுசன் உலகத்திலை நீங்கள் ஒராள்தான் எண்டு வாயிலை வந்ததெல்லாம் பேசினன்.

ஒண்டோடை நிண்டுதோ? இல்லை. லீக்ஸ் போட்டுக்கொண்டிருந்த ஒரு தோட்டக்காரன் தோட்டத்தை வித்திட்டான் எண்டு அவன்ரை மிசின் வந்துது. பிறகு பச்சை நிறத்திலை ஒண்டு, அதுக்குச் சில்லு இல்லை. பிறகு சில்லு மட்டும் வந்துது, அது பச்சைக்குப் பொருந்தேல்லை. அந்தச் சில்லுக்குப் பொருந்திற மிசினைத் தேடி வேறையொண்டு வந்துது. புட்டுப் பானைக்குள்ளை காபரேட்டர் ஊறும். ஸ்பார்க் புளக்குகள் பல்லுத் தூரிகைக்குப் பக்கத்திலை நிக்கும். சம்பல் சாப்பிடேக்கை ஒரு குட்டிப் பித்தளை ஆணி பல்லிலை கடிபட்டுது, நான் கத்த, இவர் ஓடிவந்து என்ரை பல்லைப் பாக்கேல்லை, ஆணியைப் பாத்தார்.

இந்த விசருக்குத் துணை எங்கட கட்டடத்திலை ரண்டாம் மாடியிலை இருந்த பாண்டிச்சேரி அண்ணை. அரசாங்க வேலை பாத்து பென்சன் எடுத்தவர், ஞாயிறு பூசை தவறாதவர், வான் வைச்சிருந்தவர். பிரெஞ்சுப் பிரசை, எங்களைப்போல பொலிசைக் கண்டால் மற்றப் பக்கம் நடக்கிறவரில்லை. அவருக்கும் வீட்டிலை இருப்புக் கொள்ளாது. மனுசி கலைக்கிறதோ தானாய் வாறதோ தெரியாது, பூசையில்லாத நேரமெல்லாம் வளவிலைதான் நிப்பார்.

ரண்டு பேரும் கதைக்கிறதைக் கேட்டால் சிரிப்பு வரும். தமிழ்தான் ரண்டும். ஆனால் எங்கட தமிழுக்குள்ளை ஆங்கிலம் ஒளிச்சிருக்கும், அவற்ரை தமிழுக்குள்ளை பிரெஞ்சு ஒளிச்சிருக்கும். ஒருக்கா அவர் மிசினுக்குக் கீழை படுத்துக்கொண்டு, தம்பி அந்தக் கிளேயைக் குடுங்க எண்டு கையை நீட்டினாராம். கிளே எண்டால் பிரெஞ்சிலை திறப்பு எண்டுதான் இவருக்குத் தெரியும். வானின்ரை திறப்பைக் கொண்டுபோய்க் கையிலை வைச்சிருக்கிறார். அவர் கேட்டது ஸ்பானராம், அதுக்கும் அவைக்குக் கிளேதானாம். இன்னொரு நாள் இவர் ஒரு மிசினின்ரை தலையிலை இருந்த சின்னத் தாங்கியைத் துடைக்க, ESSENCE எண்டு எழுத்துத் தெரிஞ்சுது. வீட்டை வந்து என்னட்டை, கேக்குக்கு விடுற எசன்ஸ் மிசினுக்கு என்னத்துக்கு எண்டு கேட்டார். எனக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாலை தண்ணி வந்துது. பாண்டிச்சேரி அண்ணைதான் விளங்கப்படுத்தினவர், இஞ்சை எஸான்ஸ் எண்டால் காருக்கு அடிக்கிற எண்ணெய் எண்டு. இவருக்கு விளங்கினது மண்டையிலை நிண்டுது, நாக்கிலை வரேல்லை. நாக்கு எப்பவும் பெற்றோல் எண்டுதான் சொல்லும். பெற்றோல் நிலையத்திலையும் கையைக் காட்டித்தான் வாங்குவார்.

அந்த மிசின்தான் இவற்ரை செல்லம். சின்னத் தாங்கிக்குப் பக்கத்திலை பெரிய தாங்கி ஒண்டும் இருந்தது. அதிலை எழுத்தில்லை, தகடு பூட்டியிருந்த ரண்டு ஓட்டை மட்டும்தான். கூடுதலாய் எண்ணெய் வைக்கிறதாக்கும் எண்டு இவர் அதைச் சும்மா விட்டிட்டார்.

நான் ஏன் இதெல்லாத்தையும் பொறுத்தனான் எண்டு கேப்பியள். ஒரு நாள் தைச்ச பாவாடைகளைக் குடுக்கப் போனவள், கடைக்குப் பின்னாலை எட்டிப் பாத்தன். இவர் ஒரு பெட்டிக்கு மேலை இருந்து, அந்தச் செல்லத்தின்ரை வயித்துக்குள்ளை கையை விட்டுக்கொண்டிருந்தார். நான் நிண்டு பாத்தன். கால் ஆடேல்லை. கலியாணம் முடிச்சு அத்தனை வருசத்திலை அந்தக் கால் ஆடாமல் இருந்ததை நான் அண்டைக்குத்தான் கண்டனான். கூப்பிடாமல் திரும்பி வந்திட்டன். வரேக்கை பஸ்ஸிலை அழுகையும் வந்துது. அண்டையிலிருந்து கனடாக் கதை வீட்டிலை குறைஞ்சுது, போட்டோக் கதையும் இல்லை. கறளாவது கிறீசாவது, வந்து சேரட்டும் எண்டு நானே அவற்ரை சேட்டைத் தனியா ஊறப்போட்டுத் தோச்சன்.

அப்பிடியே இருந்திருக்கலாம். ஒரு மாரி முடிவிலை கடை முதலாளி கட்டடத்தை வித்திட்டார். வளவைக் காலி பண்ணவேணும். அவருக்கும் கவலைதான், ஆனால் வாங்கினவன் எல்லாத்தையும் இடிக்கப் போறானாம். இவர் இடம் தேடித் திரிஞ்சார். மிசின் விட ஆர் இடம் தருவினம், மனிசர் படுக்கவே இடமில்லை. ஒரு கிழமைக்குள்ளை கால் திரும்ப ஆடத் தொடங்கீட்டுது. பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை, வேலைக்குப் போறன் எண்டு சொல்லுற மாதிரிச் சொன்னார்: "இதுகளை இரும்புக்காரனுக்குக் குடுத்திட்டு, கோடையோடை நாங்கள் வெளிக்கிடுவம். போட்டோ குடுத்திட்டன்."

அதுக்குப் பிறகு எனக்கும் இருப்புக் கொள்ளேல்லை. தைக்கிற தையல் கோணும், அடுப்பிலை வைச்சது கருகும். மகள் பள்ளிக்கூடத்துப் பாட்டைப் பாடிக்கொண்டு வருவாள், நான் தையலை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பன். இவர் தேடி முடிச்ச இடத்திலை நான் தேடத் தொடங்கினன். மிசின் இருந்தால் மனுசன் இஞ்சை இருப்பார், மிசின் போனால் நாங்கள் கனடா. எனக்கு விளங்கினது அவ்வளவுதான்.

ஒபர்வில்லியேயிலை, பழைய கோட்டைப் பக்கமாய், தொழிலாளர் தோட்டங்கள் இருந்தது. ஆளுக்கொரு துண்டு நிலம், ஒரு சின்னக் கொட்டில், கத்தரிக்காயும் பீன்ஸும் போட்டுக்கொண்டு கிழடுகள் ஞாயிறு முழுக்க அங்கைதான் கிடப்பினம். அந்தத் தோட்டங்களுக்குத் தலைவி ஒரு மதாம். ஆம்பிளைச் சப்பாத்து, தலையிலை துண்டு, நல்ல உடம்பு. மகளை முன்னுக்கு விட்டு, என்ரை அரைகுறைப் பிரெஞ்சையும் பின்னுக்கு விட்டு, ஒரு மாதிரிக் கேட்டன். மதிலோரம் பொதுவான ஒரு கல்லுக்கொட்டில் இருந்தது, நாலு மிசின் தாராளமாய் நிக்கும். மதாம் அதைத் திறந்தும் காட்டினா. அவரைக் கொடித் தடிகளுக்குப் பின்னாலை சாக்காலை மூடி ஏதோ கிடந்துது. அது தன்ரை செத்துப்போன மனுசன்ரை மிசின், அதுவும் செத்துப்போச்சு, வந்து பாத்தவை எல்லாரும் கைவிட்டிட்டினம் எண்டா. நான் அதைக் கவனிக்கேல்லை. எனக்குக் கொட்டில்தான் கண்ணிலை நிண்டுது.

கொட்டிலை இன்னொராளும் கேட்டிருந்தாராம், தேன்கூடு வைக்கிற ஒருத்தர். மதாம் யோசிச்சுப்போட்டு ஒரு கதை சொன்னா. மதிலோரத்துப் பொது நிலம் ரண்டு வருசமாய்க் கொத்தாமல் கிடக்கு, ஒருத்தருக்கும் இடுப்பில்லை. உன்ரை மனுசன்ரை மிசின் ஓடி, வாற ஞாயிறு அதை உழுதால் கொட்டில் உங்களுக்கு. ஓடாட்டில் தேன்காரனுக்கு. ஞாயமான கதைதான். நான் தலையை ஆட்டிப்போட்டு, வெளியிலை வந்து முருகா எண்டன்.

இவருக்குச் சொன்னபோது நம்பேல்லை. பிறகு என்னை ஒரு மாதிரிப் பாத்தார், மிசினைப் பாக்கிற மாதிரி. செல்லத்தைக் கழட்டிப் பூட்டி, வளவிலை ஒருக்கா ஓடவும் வைச்சிட்டார். இருமி, துப்பி, ஒரு நிமிசம் ஓடித் தானாய் நிண்டிட்டுது. எனக்கு அது போதும்.

ஞாயிறு காலமை பூசை முடிஞ்ச கையோடை பாண்டிச்சேரி அண்ணை வானைக் கொண்டுவந்தார். ஒரு கட்டளையோடை. மதாம் கோயிலுக்குப் போற வண்டி இது, எண்ணெ நாத்தம் வந்தா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா, தாங்கியைக் காலி பண்ணிட்டுத்தான் ஏத்தணும் எண்டார். அவர் மதாம் எண்டது தன்ரை மனுசியை. காலி பண்ணினம். தோட்டத்திலை இறக்கினம். இவர் கலப்பையைப் பூட்டத் தொடங்கினார், நிமிராமலே சொன்னார், அண்ணை கொஞ்சம் பெற்றோல் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு. அண்ணை சரி தம்பி எண்டு கலனைத் தூக்கிக்கொண்டு போனார். போனவர் கெதியா வந்திட்டார். எனக்குச் சந்தோசம்.

அண்ணை வானைப் பூட்டப் போன நேரம், இவர் சின்னத் தாங்கிக்குள்ளை ஊத்தி, கயிறைச் சுத்தி இழுத்தார். ஒண்டுமில்லை. திரும்பச் சுத்தி இழுத்தார். இருமக்கூட இல்லை. புளக்கைக் கழட்டித் துடைச்சுப் பூட்டினார். காபரேட்டரை ஊதினார். கிழடுகள் ஒவ்வொருத்தராய் மண்வெட்டியை ஊண்டிக்கொண்டு வந்து நிண்டினம். தேன்காரனும் வந்தார், பாவம் மரியாதையான மனுசன், தொப்பியைக் கழட்டிக்கொண்டு நிண்டார், செத்தவீட்டிலை நிக்கிற மாதிரி. இழுத்து இழுத்து இவற்ரை உள்ளங்கை உரிஞ்சுபோச்சு. பாண்டிச்சேரி அண்ணை இழுத்தார், அவருக்கு மூச்சு வாங்கினதுதான் மிச்சம். மதாம் மணிக்கூட்டைப் பாக்கேல்லை, ஆனால் வானத்தைப் பாத்தா.

இவர் கயிறைப் போட்டார். மதிலுக்கும் மிசினுக்குமாய் நடக்கத் தொடங்கினார். பிறகு எனக்குக் கிட்ட வந்து, மெல்லமாய்ச் சொன்னார்: "போதும். வெளிக்கிடுவம்."

வெளிக்கிடுவம் எண்டால் வீட்டையில்லை. எனக்குத் தெரியும் எங்கையெண்டு. என்ரை பிள்ளை அங்காலை நிண்டு ஒரு கிழவியோடை பிரெஞ்சிலை ஏதோ வாயடிச்சுக்கொண்டு நிக்குது. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. மிசினிலையோ, மனுசனிலையோ, கனடாவிலையோ தெரியாது. காலுக்கை கிடந்த கலனைத் தூக்கி மதிலோடை அடிப்பம் எண்டு தூக்கினன். மூடி இறுக்கிப் பூட்டேல்லை, என்ரை கையிலை ஊத்துப்பட்டுது.

மணந்து பாத்தன். மெல்லிய மணம்தான், இஞ்சத்தைச் சாமான் எல்லாத்தையும் மணமெடுத்துத்தான் விக்கிறவை. ஆனால் யாழ்ப்பாணத்திலை குசினியிலை வளந்தவளுக்கு உது தெரியாமல் போகுமோ? இவருக்குத் தெரியாததுக்குக் காரணம் இருக்கு. கடையிலை நாள் முழுக்க ஜாவெல் எண்ட பிளீச் தண்ணிக்குள்ளை நிண்டு நிண்டு மூக்குச் செத்துப்போச்சு, மீன் கருகினாலும் கேட்டுத்தான் அறியிறவர்.

"இஞ்சேருங்கோ, இது மண்ணெண்ணை," எண்டன்.

இவர் பாண்டிச்சேரி அண்ணையைத் திரும்பிப் பாத்த பார்வையை நான் இப்பவும் மறக்கேல்லை. பெற்றோல் எல்லோ வாங்கச் சொன்னனான் எண்டார். அண்ணைக்கு முகம் சிவந்துது. "தம்பி, நீங்க பெத்ரோல்னு சொன்னீங்க, நான் மூலைக் கடையில பெத்ரோல் வாங்கியாந்தேன். எஸான்ஸ் வேணும்னா எஸான்ஸ்னு சொல்லணும்ல?"

பிரெஞ்சிலை மண்ணெண்ணைக்குப் பேர் பெத்ரோலாம். இத்தனை மாதம் ஒரே மிசினுக்குள்ளை கையை விட்டுக்கொண்டிருந்த ரண்டு தமிழருக்கும், ஒருத்தற்ரை பெற்றோல் மற்றவருக்கு மண்ணெண்ணை எண்டு இண்டைக்குத்தான் தெரியுது. ஆர் பிழை? ரண்டு பேரும் சரி. அதுதான் இன்னும் கோவம் வந்துது. இவர் ஒரு பக்கம் துள்ள, அண்ணை மறுபக்கம் துள்ள, தாய்மொழியிலை இப்பிடி அடிபட்டதை அந்தக் கிழடுகள் முந்திக் கண்டிருக்காது. அண்ணை விடுறாரில்லை, மிசினையே சாட்சிக்கு இழுத்தார். பெரிய தாங்கியிருக்கிறது பெத்ரோலுக்குத்தான், அந்தக் காலத்து வண்டியெல்லாம் அப்படித்தான், கேட்டுப் பாருங்க எண்டு மதாமைக் காட்டினார்.

அந்தச் சொல்லிலை எனக்கு ஐயாவின்ரை தண்ணி இறைக்கிற மிசின் ஞாபகம் வந்துது. அதுக்கும் ரண்டு தாங்கிதான். பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி, சூடேறினவுடனை குழாயைத் திருப்பி மண்ணெண்ணைக்கு மாத்துறது. ஊரிலை உது சின்னப்பிள்ளைக்கும் தெரியும், சங்கக்கடை மனேச்சருக்குத்தான் தெரியாது. சண்டையை நிப்பாட்டுங்கோ எண்டு கத்தினன். ஸ்ராட் பண்ணக் கொஞ்சம் பெற்றோல் போதும், மிச்சத்துக்குக் கையிலை இருக்கிற மண்ணெண்ணை போதும் எண்டன்.

ஞாயிற்றுக்கிழமை, கிட்டடியிலை நிலையமெல்லாம் பூட்டு. வேலியோரம் ஒரு கிழவன்ரை மொபிலெட், சின்ன மோட்டார் சைக்கிள், சாத்திக்கிடந்தது. நான் நேரை அந்தக் கிழவனிட்டைப் போய், தேத்தண்ணிக் கோப்பையை நீட்டி, எஸான்ஸ் எண்டன். இந்த முறை சொல்லிலை பிழை விடேல்லை. கிழவன் என்னைப் பாத்தார், கோப்பையைப் பாத்தார், சிரிச்சுப்போட்டுக் குழாயைக் கழட்டி நிரப்பித் தந்தார்.

சின்னத் தாங்கியிலை இருந்த மண்ணெண்ணையை வடிச்சு, பெரிய தாங்கிக்குள்ளை ஊத்தினம். காபரேட்டரைக் கழுவி, சின்னத் தாங்கிக்குக் கோப்பையிலை இருந்ததை விட்டம். இவர் கயிறைச் சுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். மிசின் ஒருக்கா உறுமிச்சுது, நிண்டுது. திரும்ப இழுத்தார். பிடிச்சிட்டுது. பிடிச்சு, குலுங்கி, தோட்டம் முழுக்கக் கேக்கிற மாதிரி அடிச்சுது. சூடேறுமட்டும் நிண்டு, இவர் குழாயைத் திருப்பினார். ஒரு விக்கல். பிறகு வெள்ளைப் புகை, மண்ணெண்ணைப் புகை, அப்பிடியே சுருதி மாறி ஓடத் தொடங்கீட்டுது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதன். பிழையாய் வாங்கின சாமானாலைதான் அந்த நிலம் முழுக்க உழுபட்டுது. மதிலோரம் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, கறுப்பு மண் புரண்டுகொண்டே வந்துது. தேன்காரன் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, வந்து இவருக்குக் கை குடுத்தார். பாண்டிச்சேரி அண்ணை எல்லாருக்கும் கேக்க, பெத்ரோல் பெத்ரோல் எண்டு சொல்லிக்கொண்டு நிண்டார். விழுந்தாலும் மீசையிலை மண் ஒட்டாத மனுசன்.

மிசினைக் கொட்டிலுக்குள்ளை தள்ளினம். மதாம் திறப்பைக் கொண்டுவந்து என்ரை கையிலைதான் வைச்சா. எனக்கு அந்தத் திறப்பு தாலிக்கொடி மாதிரி இருந்துது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினன், அவளுக்கென்ன விளங்கும், எடுத்து விசில் மாதிரி ஊதிப் பாத்தாள்.

இவர் ஒரு துணியாலை கையைத் துடைச்சார். துடைச்சுக்கொண்டே இருந்தார். மிசினைத் திரும்பிப் பாக்கேல்லை. இத்தனை மாதமாய்ப் பெண்டாட்டி பிள்ளையை விட வடிவாய்ப் பாத்த மிசின். பிறகு கதவுக்கும் சுவருக்குமாய் நடக்கத் தொடங்கினார்.

"ஓடீட்டுது," எண்டார். "இனி இதிலை என்ன கிடக்கு? அண்ணையோடை ஒருக்காக் கதைச்சுப் பாப்பம்."

அண்ணை எண்டது ரொறொன்ரோ அண்ணை.

அட கடவுளே, எனக்கு அப்பத்தான் உறைச்சுது. இந்த மனுசனை இஞ்சை பிடிச்சு வைச்சிருந்தது மிசின் இல்லை. ஓடாத மிசின். ஓடின உடனை அது வெறும் இரும்பு. நான் ஓடியாடிக் கெஞ்சி, கொட்டில் எடுத்து, கோப்பையோடை பிச்சையெடுத்து ஓட வைச்சது, என்ரை கையாலை நானே கட்டை அவிட்டுவிட்ட மாதிரிப் போச்சு. அழவும் நேரமில்லை. வெளியிலை பாண்டிச்சேரி அண்ணை வானுக்கு ஹோர்ன் அடிக்கிறார். நான் கொட்டிலைச் சுத்திப் பாத்தன்.

அவரைக் கொடித் தடிகளை ஒரு பக்கம் ஒதுக்கினன். தூசி கிளம்பிச்சுது. சாக்கைப் பிடிச்சு இழுத்தன். உள்ளுக்கை கிடந்த கோலத்தைப் பாக்க எனக்கே பாவமாய் இருந்துது. கறள் தின்ன மூடி, ஒரு கைபிடி இல்லை, எலி கூடு கட்டின தாங்கி. அது வரைக்கும் இவர் கொண்டுவந்த ஒவ்வொரு இரும்பையும் வாய் நிறையத் திட்டினவள் நான்.

"இது ஓடாதாம்," எண்டன். "வந்து பாத்த எல்லாரும் கைவிட்டிட்டினமாம்."

நடந்துகொண்டிருந்தவர் நிண்டார்.

"ஆர் சொன்னது?"

நான் வழி விட்டு நிண்டன். அவர் வந்து குந்தினார். மூடியை விரலாலை தட்டிப் பாத்தார், பிறகு காதை வைச்சுத் தட்டினார். துடைச்ச கையைத் திரும்ப உள்ளுக்கை விட்டார். நான் வெளியிலை போய், நீங்கள் போங்கோ, நாங்கள் பஸ்ஸிலை வாறம் எண்டு பாண்டிச்சேரி அண்ணைக்குச் சொல்லிப்போட்டு, திரும்பி வந்து வாசலிலை நிண்டு அவற்ரை காலைப் பாத்தன். கால் ஆடேல்லை.

தமையன் இன்னும் ரொறொன்ரோவிலைதான். நாங்கள் இன்னும் இஞ்சைதான். அந்த மிசின் இண்டைவரைக்கும் ஓடேல்லை.